டிபக் ஸ்கிரிப்டில் செய்த குட்டி காம் நிரல் சரியாக ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பழைய எடைமேடையோ, கடைசல் இயந்திரமோ, ஆய்வகக் கருவியோ, அதோடு பிணைத்துப் போட்ட ஒரு டாஸ் கணினி உங்கள் பொறுப்பில் இருந்தால், பேட்ச் கோப்புக்கு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் உரைக்கோப்பு) எட்டாத சின்னச் சின்ன வேலைகள் வந்துகொண்டே இருக்கும். இன்று என்ன கிழமை, மணி எத்தனை, எதிரே இருப்பவர் எந்த விசையை அழுத்தினார் என்பதெல்லாம் பேட்ச் கோப்புக்குத் தானாகத் தெரியாது. விசையைக் கேட்கும் சாய்ஸ் கட்டளைகூட 1993-இல் எம்எஸ்-டாஸ் 6.0 வந்தபோதுதான் சேர்ந்தது. இதற்காகக் கம்பைலர் தேடி அலைய வேண்டாம். டாஸோடு கூடவே வரும், நிரல்களைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் டிபக் போதும். பத்துப் பதினொரு வரி உரைக்கோப்பை அதற்குள் திருப்பிவிட்டால், எட்டுப் பத்து பைட்டில் ஒரு காம் நிரல், அதாவது டாஸ் நேரடியாக ஓட்டும் குட்டிக் கோப்பு, கையில் கிடைத்துவிடும்.

கிழமையைச் சொல்லும் நிரலை எடுத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிறேன். விசைப்பலகையில் அந்த ஒலிக்குரிய ஆங்கில எழுத்தை அடித்துக்கொள்ளுங்கள். மூவ், இன்ட் இரண்டும் மூன்றெழுத்துக் கட்டளைகள்.

என் டே.காம்
ஏ 100
மூவ் ஏஹெச்,2ஏ
இன்ட் 21
மூவ் ஏஹெச்,4சி
இன்ட் 21
(இங்கே ஒரு காலி வரி)
ஆர்சிஎக்ஸ்
8
டபிள்யூ
க்யூ

இதை டே.எஸ்சிஆர் என்று சேமித்து, "டிபக் < டே.எஸ்சிஆர்" என்று கொடுக்க வேண்டும். முதல் வரி கோப்புக்குப் பெயர் வைக்கிறது. காம் நிரல் எப்போதும் 100 என்ற முகவரியில்தான் தொடங்கும், அதற்கு முன்னால் உள்ள 256 பைட்டை டாஸ் தன் குறிப்புகளுக்கு வைத்துக்கொள்கிறது. இன்ட் 21 டாஸைக் கூப்பிடுகிறது, எந்தச் சேவை வேண்டும் என்பதை ஏஹெச்சில் வைத்த எண் சொல்கிறது. 2ஏ சேவை தேதியைக் கேட்கிறது, கிழமை ஏஎல் பதிவகத்தில் (செயலிக்குள் எண் வைக்கும் இடம்) வந்து உட்காரும்: ஞாயிறு 0, சனி 6. 4சி சேவை அதே எண்ணை எர்ரர்லெவலாக, அதாவது பேட்ச் கோப்பு சோதிக்கக்கூடிய எண்ணாக, கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. மொத்தம் 8 பைட். அந்த நீளத்தை ஆர்சிஎக்ஸ் வாங்கிக்கொள்கிறது, டபிள்யூ கோப்பை எழுதுகிறது, க்யூ டிபக்கை விட்டு வெளியேறுகிறது.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிச் சிக்கலுக்கு இதுதான் வேர். டிபக் பிழை கண்டால் நிற்பதில்லை. "எர்ரர்" என்று ஒரு வரி காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், கடைசியில் கோப்பையும் எழுதிவிடும். கோப்பு உருவாகிவிட்டது என்பதற்காக நிரல் சரி என்று நம்பி ஓட்டாதீர்கள். திரையில் ஓடியதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

திரை அப்படியே ஹேங் ஆகிவிட்டது, கோப்பும் வரவில்லை

புதிதாகச் செய்பவர் எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். உள்ளீட்டைக் கோப்பிலிருந்து திருப்பிவிட்டதால் விசைப்பலகை அடிப்பதை டிபக் கேட்காது. கோப்பு தீர்ந்த பிறகும் அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ரீசெட் பொத்தானைத் தவிர வேறு வழி இருக்காது. ஆனால் அழுத்துவதற்கு முன்னால் திரையின் கடைசி வரியைப் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

கடைசி வரியில் நடுவே முக்காற்புள்ளி போட்ட முகவரி இருந்தால், காலி வரியை விட்டுவிட்டீர்கள். ஏ கட்டளை காலி வரி வந்தால்தான் முடியும். அது வராததால் ஆர்சிஎக்ஸ், 8, டபிள்யூ, க்யூ எல்லாவற்றையும் டிபக் நிரல் வரிகளாகவே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எர்ரர் சொல்லியிருக்கும். வெளியேறச் சொன்ன க்யூவும் அதில் போய்விட்டது.

கடைசி வரியில் வெறும் சிறுகோடு மட்டும் நின்றால் க்யூ இல்லை. சிறுகோட்டுக்குப் பக்கத்தில் க்யூ தெரிந்தும் நிற்கிறது என்றால், க்யூவுக்குப் பின் என்டர் அடிக்காமல் சேமித்திருக்கிறீர்கள். கடைசி வரிக்குக் கீழே இன்னொரு காலி வரி விடும் பழக்கம் வைத்துக்கொண்டால் இது வரவே வராது.

திரையில் முதல் கட்டளைக்கே பதில் இல்லாமல் நின்றால் ஸ்கிரிப்டை லினக்ஸில் எழுதியிருப்பீர்கள். டாஸில் ஒரு வரி முடிய இரண்டு குறிகள் வேண்டும். லினக்ஸ் எடிட்டர் அதில் ஒன்றை மட்டும் போடுகிறது, டிபக் எதிர்பார்ப்பதோ மற்றதை. வரி முடிந்ததே அதற்குத் தெரியாது. யுனிக்ஸ்2டாஸ் கட்டளையில் ஒருமுறை போட்டு எடுங்கள், சரியாகிவிடும்.

முதல் வரியிலிருந்தே எல்லாவற்றுக்கும் எர்ரர்

கோப்பு தூய உரையாக இல்லை. வேர்ட்ஸ்டாரில் ஆவண முறையில் தட்டினால் சொற்களின் கடைசி எழுத்தில் மேல் பிட் ஒன்று ஏறிவிடும். கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரிந்தாலும் டிபக்குக்கு அது வேறு எழுத்து. ஆவணமல்லாத முறையில் திறந்து மறுபடி தட்டுங்கள், அல்லது டாஸின் எடிட் போதும். விண்டோஸ் நோட்பேடில் எழுதினால் யூனிகோடில் சேமிக்காமல் ஆன்ஸி என்று தேர்ந்தெடுங்கள்.

எர்ரர் ஏ 100 வரியில் தொடங்கினால், கையில் இருப்பது டாஸ் 1 காலத்து டிபக்காக இருக்கலாம். டிம் பேட்டர்சன் எழுதிய டிபக் 1981-இல் பிசி டாஸோடு வந்தபோது அதில் ஏ கட்டளை கிடையாது. அது டாஸ் 2.0-இல் சேர்ந்தது. பைட்டுகளை நேரடியாகக் கொடுக்கும் இ கட்டளையோ தொடக்கத்திலிருந்தே உண்டு. ஏ தொடங்கிக் காலி வரி வரை உள்ள ஆறு வரிகளுக்குப் பதில் இந்த ஒரே வரி:

இ 100 பி4 2ஏ சிடி 21 பி4 4சி சிடி 21

சொல்லப்போனால் எல்லாப் பதிப்பிலும் எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். காலி வரித் தொல்லை இல்லை, எண்ணிப் பார்க்கவும் எளிது. ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால் என்ன செய்கிறது என்று புரியாது. அதனால் மூவ், இன்ட் வடிவத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

டிபக்குக்குள் ஜி (ஓட்டும் கட்டளை) கொடுத்தால் ஓடுகிறது, வெளியே ஓட்டினால் ஹேங்

நீளத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டீர்கள். நினைவகத்தில் முழு நிரலும் இருக்கிறது, கோப்பில் வால் வெட்டுப்பட்டிருக்கிறது. மேலே உள்ள நிரலில் கட்டளைகள் 100, 102, 104, 106 என்ற முகவரிகளில் தொடங்குகின்றன. கடைசிக் கட்டளை 106-இல் இருக்கிறதே என்று 6 என்று கொடுத்தால், வெளியேறச் சொல்லும் கடைசி இன்ட் 21 கோப்பில் இருக்காது. நிரல் அதைத் தாண்டி நினைவகத்தில் கிடக்கும் குப்பையை ஓட்டத் தொடங்கும். கடைசிக் கட்டளைக்குப் பிறகு டிபக் காட்டும் காலி முகவரிதான் கணக்கு: இங்கே 108. அதிலிருந்து 100-ஐக் கழித்தால் 8.

கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது

டிபக்குக்கு எல்லா எண்ணும் ஹெக்ஸ் எண்தான், அதாவது பதினாறை அடிமானமாகக் கொண்டது. இதோ விசையைக் கேட்கும் நிரல்:

மூவ் ஏஹெச்,08
இன்ட் 21
ஆண்ட் ஏஎல்,டிஎஃப்
மூவ் ஏஹெச்,4சி
இன்ட் 21

எண்ணிப் பாருங்கள், பத்து பைட். காலி முகவரி 10ஏ. ஆர்சிஎக்ஸுக்கு ஏ என்று கொடுக்க வேண்டும். 10 என்று கொடுத்தால் 16 பைட் எழுதப்படும். நல்ல வேளையாக இந்தத் தவறு எப்போதும் பெரிய பக்கமே சாயும், சிறிய பக்கம் சாயாது. கூடுதல் ஆறு பைட்டுக்கு ஓட்டம் போவதில்லை, நிரல் சரியாகவே ஓடும். அதனால்தான் பலருடைய வட்டிலும் இப்படிக் கொழுத்த காம் கோப்புகள் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. தொல்லை தராவிட்டாலும் திருத்திவிடுங்கள். டிர் பட்டியலில் உள்ள அளவை வைத்துத்தான் நிரல் சரியா என்று பார்க்கப் போகிறோம், அந்த அளவே பொய் சொன்னால் சோதனைக்கு மதிப்பு இல்லை.

சில பைட்டுக்குப் பதில் பல ஆயிரம் பைட் எழுதியிருந்தாலோ, வட்டில் இடமில்லை என்று வந்தாலோ காரணம் வேறு. கோப்பின் நீளம் பிஎக்ஸ், சிஎக்ஸ் என்ற இரண்டு பதிவகங்களில் பிரிந்து இருக்கிறது. டிபக்கைப் புதிதாகத் திறந்தால் பிஎக்ஸ் 0. டிபக்குக்குள் நிரலை ஓட்டிப் பார்த்த பிறகு எழுதினால் பிஎக்ஸில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. டபிள்யூ கொடுப்பதற்கு முன் ஆர்பிஎக்ஸ் என்று கொடுத்து, அடுத்த வரியில் 0 வையுங்கள்.

பெயரே சொல்லவில்லை என்று எழுத மறுக்கிறது

என் வரி டபிள்யூவுக்கு முன்னால் இல்லை. அல்லது பெயர் எக்ஸே என்று முடிகிறது. எக்ஸே கோப்புக்குத் தலைப்பகுதி வேண்டும், டிபக் அதை எழுதாது. காம் என்றே வையுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். டபிள்யூ வரியில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். அதற்குப் பின் முகவரி, டிரைவ் எண், செக்டர் எண் என்று எண்கள் வந்தால், டிபக் கோப்பை விட்டுவிட்டு நேரே வட்டின் செக்டரில் எழுதிவிடும். டாஸில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. பூட் செக்டர் போனால் கணினி எழவே எழாது. யாரோ கொடுத்த ஸ்கிரிப்டில் டபிள்யூவுக்குப் பின் நான்கு எண் இருந்தால், அது ஏன் என்று முழுக்கப் புரியும்வரை ஓட்டாதீர்கள்.

தினமும் ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்கிறது

இதில் நான் ஒரு பட்டறையில் அரை நாள் தொலைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய முழு பேக்கப் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. நிரல் ஹேங் ஆகவில்லை, எர்ரர் இல்லை, கோப்பு 8 பைட். ஆனால் எர்ரர்லெவல் எப்போதும் 0.

காரணம் ஸ்கிரிப்டில் முதல் இன்ட் வரி "இன்ட் 21ஹெச்" என்று இருந்ததுதான். அசெம்ப்ளர் புத்தகங்களில் ஹெக்ஸ் எண்ணுக்குப் பின்னால் ஹெச் போடுவார்கள், கை அந்தப் பழக்கத்தில் அடித்துவிடுகிறது. டிபக் அந்த ஹெச்சை ஏற்காது. எர்ரர் சொல்லிவிட்டு அதே முகவரியை மறுபடி கேட்கும். அடுத்த வரி அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். ஆக கோப்புக்குள் போனது: ஏஹெச்சில் 2ஏ வை, உடனே 4சி வை, வெளியேறு. தேதியைக் கேட்கவே இல்லை. காம் நிரல் தொடங்கும்போது ஏஎல்லில் வழக்கமாக 0 இருக்கும், அந்த 0 தான் ஞாயிறாக வெளியே வந்தது. நீளம் 8 என்று நாமே கொடுத்ததால் கடைசி இரண்டு பைட் குப்பையோடு அளவும் பொருந்திவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க "டிபக் டே.காம்" என்று திறந்து "யு 100" கொடுங்கள். கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கட்டளை கட்டளையாக வரும். நான்கு வரி எதிர்பார்த்த இடத்தில் மூன்று வரியும் ஏதோ ஒரு குப்பையும் தெரிந்தால், ஸ்கிரிப்டில் ஒரு வரி விழுந்திருக்கிறது. அந்த நாளிலிருந்து, ஒருமுறை சரியாக ஓடி முடிந்த ஸ்கிரிப்டை "டிபக் < டே.எஸ்சிஆர் > டே.லாக்" என்று இன்னொரு முறை ஓட்டி, லாக் கோப்பை டைப் செய்து பார்த்துவிட்டுத்தான் நிரலை வேறு கணினிக்குக் கொண்டுபோகிறேன். முதல் ஓட்டத்திலேயே லாக்குக்குத் திருப்பாதீர்கள். ஹேங் ஆனால் திரையில் ஒன்றுமே தெரியாது.

யு 100 சரியாகவே காட்டுகிறது, இருந்தும் ஞாயிறுதான் என்றால் பேட்ச் கோப்பைப் பாருங்கள். "இஃப் எர்ரர்லெவல் 0" என்றால் 0-க்குச் சமம் என்று பொருளில்லை, 0 அல்லது அதற்கு மேல் என்று பொருள். எந்தக் கிழமையும் அதில் விழும். 6-இல் தொடங்கி 5, 4 என்று இறங்கி வர வேண்டும். இன்னொரு வாய்ப்பு, வெளியேற இன்ட் 20 பயன்படுத்தியிருப்பது. அது சுத்தமாக வெளியேறும், ஆனால் எண் எதையும் கொண்டுவராது.

ஒய் அழுத்தினாலும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது

டிபக்கில் ஹெக்ஸ், பேட்ச் கோப்பில் பதின்ம எண். பெரிய ஒய் டிபக்குக்கு 59, எர்ரர்லெவலுக்கு 89. சின்ன ஒய் 121. மேலே உள்ள விசை நிரலில் நடுவே இருக்கும் ஆண்ட் வரி சின்ன எழுத்தைப் பெரிதாக்கிவிடும், எனவே 89 ஒன்றைச் சோதித்தால் போதும். ஆனால் மெனுவில் 1, 2 என்று எண் விசைகளைக் கேட்பதாக இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், அது எண்களையும் மாற்றிவிடும். எடுத்தால் நீளம் 8.

பேட்ச் கோப்பே ஸ்கிரிப்டை எழுதுகிறது. ஏ நீளமுள்ள நிரல் வருகிறது, 8 நீளமுள்ளது வரவில்லை

32-பிட் விண்டோஸில் எக்கோ வரிகளால் ஸ்கிரிப்டை உருவாக்குபவர்களுக்கு வரும் சிக்கல் இது. "எக்கோ 8>>டே.எஸ்சிஆர்" என்று எழுதினால், விண்டோஸின் கட்டளைச் சாளரம் அந்த 8-ஐத் திருப்பிவிடும் வழியின் எண்ணாக எடுத்துக்கொள்ளும். கோப்புக்குள் 8 போகாது. நீளத்தைக் கேட்கும் டிபக்குக்கு டபிள்யூ கிடைக்கும், எர்ரர் வரும், அப்புறம் க்யூ. கோப்பு எழுதப்படவே இல்லை. ஏ என்பது எழுத்து என்பதால் அதற்கு இந்த வில்லங்கம் இல்லை. திருப்பும் குறியை முன்னால் போடுங்கள்: ">>டே.எஸ்சிஆர் எக்கோ 8". காலி வரிக்கு வெறும் எக்கோ போதாது, அது எக்கோ இயங்குகிறதா என்றுதான் சொல்லும். எக்கோவை ஒட்டி ஒரு புள்ளி வையுங்கள்.

இப்படி பேட்ச் கோப்பு நிரலைத் தானே உருவாக்குவதை ஆன்டிவைரஸ் சந்தேகிக்கலாம். தீய நிரல்களைக் கணினிக்குள் இறக்கவும் இதே வழியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆன்டிவைரஸை அணைப்பதைவிட, காம் கோப்பை ஒருமுறை டாஸில் செய்து எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ரீபூட் நிரல் ஓடுகிறது, ஆனால் கடைசியாக எழுதிய தரவு போய்விட்டது

ஐந்து பைட் ரீபூட் நிரல் எல்லோருக்கும் தெரிந்தது: இஏ 00 00 எஃப்எஃப் எஃப்எஃப். பயாஸ் தொடங்கும் இடத்துக்கு நேரே தாவுகிறது. ஸ்மார்ட்டிரைவ் என்ற வட்டுத் தேக்க நிரல் எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைத்திருந்தால், இந்தத் தாவல் அதற்காகக் காத்திருக்காது. பேட்ச் கோப்பில் இதற்கு முந்தைய வரியில் ஸ்மார்ட்டிரைவை சாய்கோடு சி சேர்த்து அழையுங்கள், தேக்கியதை எல்லாம் வட்டில் எழுதிவிடும். இதை ஒருபோதும் விடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் நினைவகச் சோதனை முழுக்க ஓடி நேரம் போகிறது என்றால், தாவுவதற்கு முன் 40:72 என்ற இடத்தில் 1234 வைக்க வேண்டும்:

மூவ் ஏஎக்ஸ்,40
மூவ் டிஎஸ்,ஏஎக்ஸ்
மூவ் வேர்ட் பிடிஆர் [72],1234
ஜேஎம்பி எஃப்எஃப்எஃப்எஃப்:0

"வேர்ட் பிடிஆர்" இல்லாவிட்டால் எத்தனை பைட் வைப்பது என்று தெரியாமல் டிபக் எர்ரர் சொல்லும். நீளம் 16 பைட், இங்கே ஆர்சிஎக்ஸுக்கு 10 என்பதே சரி. விண்டோஸின் டாஸ் சாளரத்தில் இதை ஓட்டிக் கணினி ரீபூட் ஆகவில்லை என்று தேடாதீர்கள். அங்கே பாதிக்கப்படுவது அந்தச் சாளரம் மட்டும்தான்.

இந்த விண்டோஸுக்கு இது பொருந்தாது என்று செய்தி வருகிறது

64-பிட் விண்டோஸ். அதில் டிபக் இல்லை, வேறு எங்காவது செய்து கொண்டுவந்த 16-பிட் காம் கோப்பும் ஓடாது. ஸ்கிரிப்டைத் திருத்திப் பயனில்லை. டாஸ் வேலைதான் என்றால் ஒரு மெய்நிகர் கணினியில் ஃப்ரீடாஸ் நிறுவுங்கள், அதோடு டிபக் வருகிறது. டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் இருக்கிறது, சாதாரண டாஸ்பாக்ஸில் இல்லை. இந்தக் கட்டளைகளெல்லாம் அங்கே அப்படியே ஓடும். விண்டோஸிலேயே கிழமை வேண்டுமென்றால் பவர்ஷெல்லில் ஒரே வரி. தனியாக ஓர் எக்ஸே கோப்புதான் வேண்டுமென்றால், விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் ஆட்-டைப் கட்டளைக்கு சி ஷார்ப் நிரலையும் வெளியீட்டுக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் அது செய்து தரும்.